2400 ரேம் இருக்கும் இடத்தில் 3200 பொருந்துமா?

கேள்வி இதுதான்: கணினியில் ஐ5-7400 பிராசசர், பி250 சிப்செட் (மற்ற பாகங்களை இணைக்கும் சில்லு) கொண்ட மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4-2400 ரேம் ஒன்று. இன்னொரு 8 ஜிபி சேர்க்க வேண்டும். தேடிப் பார்த்தால் 2666, 3200 வேக ரேம்கள்தான் அதிகம் கிடைக்கின்றன. மதர்போர்டின் கையேட்டிலோ ‘2400/2133’ என்று மட்டும் போட்டிருக்கிறது. 3200 ரேமைப் போட்டால் வேலை செய்யுமா? மதர்போர்டு கெட்டுவிடுமா? இரண்டு ரேமும் ஒரே வேகத்தில் இருந்தாக வேண்டுமா?

வேலை செய்யும். எதுவும் கெடாது. ஒரே வேகம் என்ற கட்டாயமும் இல்லை. 3200 ரேம் அந்த மதர்போர்டில் 2400 வேகத்துக்கு இறங்கி ஓடும். அவசரமாக வாங்கக் கிளம்பியவர்களுக்கு இந்தப் பதில் போதும். ஆனால் இதே பதிலை நம்பி வாங்கி, கணினி திரை இருண்டு நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் எது கட்டாயம் பொருந்த வேண்டும், எதில் விட்டுக்கொடுக்கலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், ரேமின் மேல் அச்சிட்டிருக்கும் எண் எதைக் குறிக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 3200 என்றால் ‘இந்த ரேம் 3200 வரை தாங்கும்’ என்று பொருள். அதற்குக் கீழே எந்த வேகத்தில் ஓட்டினாலும் அது மறுப்புச் சொல்லாது. ரேமைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தால், வரிசையாக நிற்கும் பெரிய கறுப்புச் சில்லுகளுக்கு நடுவே அரிசி அளவில் ஒரு குட்டிச் சில்லு தெரியும். அந்த ரேம் என்னென்ன வேகத்தில், எந்தெந்தக் காத்திருப்பு நேரத்தோடு ஓட முடியும் என்ற பட்டியல் அதில் பதிந்திருக்கிறது. எஸ்பிடி என்பது அதன் பெயர். கணினியை இயக்கியதும், மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸ் ஒவ்வொரு ரேமிலும் உள்ள இந்தப் பட்டியலைப் படிக்கிறது. பிராசசர் எதுவரை தாங்கும், மதர்போர்டு எதுவரை அனுமதிக்கும் என்பதும் அதற்குத் தெரியும். எல்லாருக்கும் ஒத்துவரும் வேகத்தைத் தேர்ந்தெடுத்து எல்லா ரேமையும் அதே வேகத்தில் ஓட்டுகிறது. ஒன்று 2400, இன்னொன்று 3200 என்றால் இரண்டும் 2400. ஆளுக்கொரு வேகத்தில் ஓடும் ஏற்பாடு கிடையாது.

இந்த இடத்தில் பலரும் மதர்போர்டின் கையேட்டை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி ஒரு காலத்தில் மதர்போர்டின் சிப்செட்டில்தான் இருந்தது. 2003-இல் ஏஎம்டி தன் அத்லான் 64 பிராசசரிலும், 2008-இல் இன்டெல் தன் முதல் கோர் ஐ7 பிராசசரிலும் அதை உள்ளே கொண்டுவந்துவிட்டன. அன்றிலிருந்து ரேமின் வேகத்தில் முதல் சொல் பிராசசருடையது. ஐ3-8100, ஐ5-8400 இரண்டும் ஒரே தலைமுறை, ஒரே மதர்போர்டில் உட்காரும். ஆனால் முன்னதற்கு 2400, பின்னதற்கு 2666. அதேபோல் ஐ5-10400-க்கு 2666, ஐ7-10700-க்கு 2933. ஏஎம்டியின் ரைசன் 5 2600-க்கு 2933, ரைசன் 5 3600-க்கு 3200. உங்கள் ஐ5-7400-க்கு 2400. பிராசசர் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் பெயரைப் போட்டுத் தேடினால் ‘மெமரி டைப்ஸ்’ என்ற வரியில் இது இருக்கும். மதர்போர்டின் கையேட்டைத் திறப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய வரி அது.

பிராசசர் நிறுவனம் சொல்லும் வேகம் உத்தரவாதம் தரும் எல்லை மட்டுமே. அதற்கு மேலும் ஓட்ட முடியும். ஓட்டலாமா கூடாதா என்று முடிவுசெய்வது மதர்போர்டின் சிப்செட். இன்டெல் பக்கத்தில் பெயர் இசட் என்று தொடங்கும் சிப்செட்டுகள் இதற்கு வழிவிடும். பி250, எச்310, பி360, எச்410, பி460 ஆகியவை விடாது. 2021-இல் வந்த பி560-இலிருந்துதான் பி வரிசைக்கும் அந்தக் கதவு திறந்தது. ஏஎம்டி பக்கத்தில் பி350, பி450, பி550 எல்லாமே அனுமதிக்கும். கையேட்டில் ‘4000 (ஓ.சி.)’ என்பதுபோல் வேகத்துக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த வேகம் முயன்று பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்று அர்த்தம். உங்கள் பி250-இல் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 3200 ரேம் போட்டாலும் 2400-தான்.

விட்டுக்கொடுக்க முடியாதது தலைமுறை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றில்லை. டிடிஆர்3-இல் 240 தொடுமுனைகள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288. ஆனால் கீழ்விளிம்பில் வெட்டியிருக்கும் பள்ளம் மூன்றிலும் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. தப்பானதைச் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1. ரேம் ஸ்லாட்டில் இறங்க மறுத்தால் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்துப் பள்ளம் ஸ்லாட்டின் மேட்டோடு நேராக வருகிறதா என்று பாருங்கள். ரேம் திரும்பியிருக்கலாம், அல்லது தலைமுறையே வேறாக இருக்கலாம்.

இதில் கவனம் தப்பும் இடம் ஒன்று உண்டு. இன்டெல்லின் 12-ஆம் தலைமுறை முதல் 14-ஆம் தலைமுறை வரை ஒரே பிராசசர் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். அதனால் பி660 சிப்செட்டில் டிடிஆர்4 ஸ்லாட் உள்ள மதர்போர்டும் உண்டு, டிடிஆர்5 ஸ்லாட் உள்ளதும் உண்டு. சிப்செட்டின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ரேம் வாங்கினால் பாதி வாய்ப்பில் தவறாகும். மதர்போர்டின் முழு மாடல் பெயரைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். மடிக்கணினிக்கான ரேம் அளவிலேயே சிறியது, அதை மேசைக்கணினியில் போட முடியாது. சர்வர்களிலிருந்து கழற்றிய ‘ரிஜிஸ்டர்டு’ வகை ரேம், அளவு ஒத்திருந்தாலும் சாதாரண மதர்போர்டில் ஓடாது.

அடுத்து, அதிகம் பேரைக் குழப்பும் எண் விளையாட்டு. 2400 ரேமைப் போட்டுவிட்டு சிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் அது 1200 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும். ‘பாதி வேகத்தில்தான் ஓடுகிறது, ஏமாற்றிவிட்டார்கள்’ என்று பதறுவார்கள். டிடிஆர் என்ற பெயரிலேயே விடை இருக்கிறது: கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு முறை தரவு கைமாறுகிறது. துடிப்பு வினாடிக்கு 1200 மில்லியன், கைமாற்றம் 2400 மில்லியன். இரண்டும் ஒரே வேகத்தின் இரண்டு அளவீடுகள். இன்னொரு பெயரும் லேபிளில் இருக்கும்: பிசி4-19200. ஒவ்வொரு கைமாற்றத்திலும் 8 பைட் போகிறது. 2400-ஐ 8-ஆல் பெருக்கினால் 19200, அதாவது வினாடிக்கு இத்தனை மெகாபைட். பிசி4-25600 என்று பார்த்தால் 8-ஆல் வகுங்கள், 3200 வரும்.

வேகத்துக்கு அடுத்து சிஎல் என்ற எண். தரவைக் கேட்டபின் எத்தனை துடிப்புகள் காத்திருக்க வேண்டும் என்பது அது. ‘என் பழைய ரேம் சிஎல்17, புதியது சிஎல்22, அப்படியானால் புதியது மெதுவானதா?’ என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. துடிப்புகளை நேரமாக மாற்றினால்தான் ஒப்பிட முடியும். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுத்தால் நானோவினாடி கிடைக்கும். 2400 சிஎல்17-க்கு ஏறத்தாழ 14.2. 3200 சிஎல்22-க்கு 13.75. ஆக, பெரிய எண்ணாகத் தெரிந்த புதிய ரேம் ஒரு மயிரிழை விரைவாகவே இருக்கிறது. அதே ரேம் உங்கள் கணினியில் 2400-க்கு இறங்கும்போது 22 துடிப்புகள் காத்திருக்காது. 13.75 நானோவினாடிக்கு 2400 வேகத்தில் 17 துடிப்புகள் போதும் என்று பயாஸ் கணக்கிட்டுக்கொள்ளும். பழைய ரேமும் 17, புதிய ரேமும் 17. இரண்டும் ஒரே அடியில் நடக்கும். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர்களுக்கு லேபிளைக் கண்டு பயம் வராது. ஒப்பீட்டுக்காக: 3200 சிஎல்16, 3600 சிஎல்18, டிடிஆர்5-6000 சிஎல்30 மூன்றுமே 10 நானோவினாடி. டிடிஆர்5-4800 சிஎல்40-ஐ எடுத்தால் 16.7. தலைமுறை புதிது என்பதால் மட்டும் காத்திருப்பு குறைந்துவிடவில்லை.

இப்போது எக்ஸ்எம்பி. ரேம் வாங்குவதில் நான் மிக முக்கியமாக நினைக்கும் வேறுபாடு இதுதான், பலர் அறியாததும் இதுவே. ‘3200’ என்று விற்கப்படும் ரேமில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ரேமுக்கான தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதிப்படியே 3200-இல் ஓடுவது. அதைப் போட்டால் போதும், தானாக ஓடும். பெரும்பாலும் சிஎல்22, 1.2 வோல்ட். மற்றொன்று, தானாக 2133, 2400 அல்லது 2666-இல் மட்டுமே எழுந்திருக்கும். 3200 வேண்டுமானால் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை நாம் இயக்க வேண்டும். அதன் லேபிளில் பெரும்பாலும் சிஎல்16, 1.35 வோல்ட் என்று இருக்கும். லேபிளில் உள்ள மின்னழுத்தத்தைப் பார்த்தே பெரும்பாலும் இரண்டையும் பிரித்துவிடலாம். டிடிஆர்4-க்கு ஜெடெக் வகுத்த உச்சம் 3200 என்பதால் 3600, 4000 என்று எழுதியிருப்பவை எல்லாம் இரண்டாம் வகைதான். எக்ஸ்எம்பி இன்டெல் 2007-இல் கொண்டுவந்தது. டிடிஆர்5-க்கு ஏஎம்டி 2022-இல் எக்ஸ்போ என்ற பெயரில் தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்தது.

நண்பர் ஒருவரின் கணினி நினைவுக்கு வருகிறது. ரைசன் 5 3600, 3200 வேகத்தில் இரண்டு ரேம், தரமான மதர்போர்டு. இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். விளையாட்டுகள் இடையிடையே தடுமாறுகின்றன, கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமா என்று கேட்டார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கினேன். கீழே வலப்பக்கம் சிறிய எழுத்தில் ‘ஸ்பீடு: 2133’. இரண்டு ஆண்டுகளும் அந்த ரேம் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் ஓடியிருக்கிறது. கணினியை மறுதொடக்கம் செய்து, டெலீட் விசையைத் தட்டிப் பயாஸுக்குள் போய், எக்ஸ்எம்பியை ‘புரொஃபைல் 1’ என்று மாற்றிச் சேமித்தோம். இரண்டு நிமிட வேலை. தடுமாற்றம் கண்கூடாகக் குறைந்தது. கிராபிக்ஸ் கார்டை அவர் மாற்றவில்லை. ரைசனில் இந்த வேறுபாடு கூடுதலாகத் தெரியும். அவருடையதைப் போன்ற ரைசன் 3000 வரிசையில், உட்பகுதிகளை இணைக்கும் பாதையின் வேகமும் ரேமின் வேகத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. ரைசன் 3000 வரிசைக்கு 3600 வரையிலும், ரைசன் 7000 வரிசைக்கு 6000 வரையிலும் போவது நல்ல பலன் தரும். அதற்கு மேல் செலவழிப்பது பெரும்பாலும் வீண் என்பது என் கருத்து.

உங்கள் பி250-க்கு இந்த இரண்டு வகைகளில் எது? முதல் வகை, சந்தேகமே வேண்டாம். எக்ஸ்எம்பி வகை ரேம் ஒன்று தானாக 2133-இல் எழுந்தால், நன்றாக 2400-இல் ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் பழைய ரேமையும் அது 2133-க்கு இழுத்துவிடும். பயாஸில் கையால் 2400 என்று வைத்துச் சரிசெய்யப் பார்க்கலாம். ஆனால் தேவையில்லாத வேலையை ஏன் விலைகொடுத்து வாங்க வேண்டும்?

லேபிளில் இன்னொன்றையும் பாருங்கள். ‘1ஆர்x8’ அல்லது ‘1ஆர்x16’ என்று ஒரு குறி இருக்கும். 8 ஜிபி ரேமில் முன்னதென்றால் எட்டுச் சில்லுகள், பின்னதென்றால் நான்கு. நான்கு சில்லு ரேமில் ஒவ்வொரு சில்லும் இருமடங்கு அடர்த்தி கொண்டது. பழைய மதர்போர்டுகள் சில அதை அடையாளம் காணாமல் திணறுவதுண்டு. ‘3200 போட்டேன், திரையே வரவில்லை’ என்ற புகார்களில் ஒரு பகுதிக்கு வேகம் காரணமே அல்ல, இந்த அடர்த்திதான் காரணம். தவிர, உள்ளே தரவு அடுக்கப்பட்டிருக்கும் தொகுதிகளும் அதில் பாதிதான் என்பதால், ஓடினாலும் சற்றுப் பின்தங்கும். எட்டுச் சில்லு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மேலே உலோகத் தகடு மூடியிருந்தால் சில்லுகள் கண்ணுக்குத் தெரியாது, அப்போது இந்தக் குறிதான் துணை.

வேகத்தைப் பற்றியே இவ்வளவு பேசிவிட்டேன். உண்மையில் உங்கள் கணினிக்கு இதைவிடப் பெரிய லாபம் தரப்போவது இரண்டாவது ரேம் என்பதே. உங்கள் பிராசசருக்கு ரேமோடு பேச இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒரே ரேம் இருக்கும்வரை ஒரு பாதை சும்மா கிடக்கிறது. கணக்கைப் பாருங்கள்: ஒற்றை 2400 ரேம் வினாடிக்கு 19.2 ஜிகாபைட் தரும். ஒற்றை 3200 ரேமை ஓட்ட முடிந்தாலும் 25.6-தான். இரண்டு 2400 ரேம்கள் சேர்ந்தால் 38.4. மெதுவான ஜோடி, விரைவான ஒற்றையை எளிதாகத் தாண்டிவிடுகிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸையே நம்பியிருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படும். அந்த கிராபிக்ஸுக்கும் இதே ரேம்தான் நினைவகம்.

இந்தப் பலன் கிடைக்க ரேம்கள் சரியான ஸ்லாட்டுகளில் இருக்க வேண்டும். இரண்டு ஸ்லாட் மட்டுமே உள்ள மதர்போர்டில் யோசிக்க ஒன்றுமில்லை. நான்கு இருந்தால், பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். கையேட்டில் படம் போட்டே காட்டியிருப்பார்கள். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் இரண்டையும் செருகினால் அவை ஒரே பாதையில் நெருக்கிக்கொண்டு நிற்கும் வாய்ப்புண்டு. கணினி எந்தப் பிழையும் காட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் தவறு தெரியவே தெரியாது.

புதிதாகக் கணினி சேர்ப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. நான்கு ஸ்லாட் இருக்கிறது என்பதற்காக நான்கையும் நிரப்ப ஆசைப்படாதீர்கள். ரைசன் 7000 வரிசையில் இரண்டு ரேமுக்கு 5200 வரை உத்தரவாதம் தரும் ஏஎம்டி, நான்கு போட்டால் 3600-க்குத்தான் தருகிறது. 32 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 16 ஜிபி, ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்குங்கள். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ வேகங்கள் ஒரே ஜோடியாகச் சோதித்து விற்கப்படுபவை. அதே மாடலையே தனித்தனியாக வாங்கிச் சேர்த்தாலும் அந்த வேகம் நிற்கும் என்று யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். வாங்கும் முன் மதர்போர்டு நிறுவனம் சோதித்த ரேம்களின் பட்டியலை அதன் தளத்தில் பாருங்கள். டிடிஆர்5-இல் 6000-க்கு மேல் போகிறவர்களுக்கு அந்தப் பட்டியல் கட்டாயம். உங்களைப் போல் 2400-இல் ஓட்டப்போகிறவர்களுக்கு அது இல்லாமலும் நடக்கும்.

பொருத்தும்போது: கணினியை நிறுத்தி, மின்வடத்தைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு தொடங்குங்கள். ரேமின் இரு முனைகளிலும் கட்டைவிரலை வைத்துச் சமமாக அழுத்த வேண்டும். பக்கத்துத் தாழ்ப்பாள் ‘டக்’ என்று தானே மூடிக்கொள்ளும். சில மதர்போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே தாழ்ப்பாள் இருக்கும். அங்கே மறுமுனை முழுதாக இறங்கியதா என்று குனிந்து பாருங்கள்.

திரை வரவில்லையா? பதற வேண்டாம். பழைய ரேமைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் போட்டுப் பாருங்கள், அதே ஸ்லாட்டில் பிறகு பழையதை மட்டும். தனித்தனியே இரண்டும் ஓடி, சேர்ந்தால் மட்டும் ஓடவில்லை என்றால், மதர்போர்டில் உள்ள வட்டப் பேட்டரியைச் சில நிமிடங்கள் எடுத்துவிட்டுப் போடுங்கள். பயாஸ் பழைய அமைப்புகளை மறந்து புதிதாகப் படிக்கும். அடுத்து, பழைய ரேமை மட்டும் வைத்துக்கொண்டு பயாஸைப் புதுப்பியுங்கள். டிடிஆர்5 கணினியானால் ஒன்றுமே செய்யாமல் சில நிமிடங்கள் காத்திருப்பதுதான் முதல் வைத்தியம். புதிய ரேமைப் பழக்கிக்கொள்ள முதல்முறை அது வெகுநேரம் இருண்ட திரையோடு நிற்கும். அந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் போடுபவர்கள் வேலையை முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள்.

எல்லாம் சரியாக எழுந்துவிட்டால், மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலை ஒரு பென்டிரைவில் போட்டு ஓரிரவு ஓடவிடுங்கள். ஒரு பிழைகூட வரக் கூடாது. ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழுதான ரேம் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுக்கும், தெரியவரும்போது மாதங்கள் ஆகியிருக்கும்.

ஆகவே, வாங்க வேண்டியது: மேசைக்கணினிக்கான டிடிஆர்4, 8 ஜிபி, 3200 அல்லது 2666, 1.2 வோல்ட், 1ஆர்x8, எக்ஸ்எம்பி இல்லாதது. இரண்டில் எது என்றால் 3200-ஐயே எடுங்கள். போட்டபின் டாஸ்க் மேனேஜரில் 16 ஜிபி, 2400 என்று காட்ட வேண்டும். நாளைக்கு மதர்போர்டையும் பிராசசரையும் மாற்றி, அதுவும் டிடிஆர்4 ஆகவே இருந்தால், பழைய 2400-ஐக் கழற்றிவிட்டு இந்த ரேமுக்கு இன்னொரு 3200-ஐத் துணையாகப் போட்டுக்கொள்ளலாம்.